கோழியம்மா நடத்தும் பள்ளிக்கூடம்!

குட்டீஸ், உங்களிடம் ஒரு கேள்வி. திருவிழாக் கடையிலோ, பஸ் ஸ்டாண்ட் ஓரத்திலோ கூடையில் வைத்து விற்பார்களே, கலர் கோழிக்குஞ்சு... அதை எப்போதாவது வாங்கி இருக்கிறீர்களா?

பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் பூசிய குட்டிக் குஞ்சுகள். அப்பாவிடம் அடம் பிடித்து ஒன்று வாங்கி இருப்பீர்கள். அட்டைப்பெட்டியில் விட்டு, அரிசி போட்டு, தண்ணீர் வைத்து, அழகாக ஒரு பெயரும் சூட்டி இருப்பீர்கள். ராத்திரி முழுக்க அது 'கீச்... கீச்...' என்று கத்தி இருக்கும். இரண்டாம் நாள் சோர்ந்து உட்கார்ந்திருக்கும். மூன்றாம் நாள் காலையில் எழுந்து போய்ப் பார்த்தால்... பாவம், செத்துக் கிடந்திருக்கும்.

"தீனி போட்டேன், தண்ணீர் வைத்தேன். அப்புறமும் ஏன் செத்துப் போனது?" என்று அழுதிருப்பீர்கள்.

இந்தக் கேள்விக்குப் பதில் ஒரு அடை கோழியிடம் இருக்கிறது. வாருங்கள், அது இருக்கும் இடத்துக்கே போய்ப் பார்க்கலாம்.

பொடக்காளியில் ஒரு கோபக்காரி

கோயமுத்தூர் சிங்காநல்லூர் உங்களுக்குத் தெரியும்தானே? திருச்சி ரோட்டில் ஓயாமல் பஸ் ஓடும் ஊர். 1981-ல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. இருந்தாலும் நொய்யல் தண்ணீர் வந்து நிறையும் பெரிய குளம் ஒன்று அங்கே இருக்கிறது. பழைய ஓட்டு வீடுகளும் உண்டு. அப்படிப்பட்ட வீடுகளின் பின்பக்கத்தைக் கொங்குப் பக்கம் 'பொடக்காளி' என்பார்கள். பொடக்காளியில் நாலைந்து நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் மேய்வதை இன்றும் பார்க்கலாம்.

நாட்டுக்கோழி ஒரு பருவத்தில் பத்து, பதினைந்து முட்டை இடும். பிறகு திடீரென்று ஒருநாள் அதன் குணமே மாறிவிடும். முட்டையிட்ட கூடையை விட்டு எழுந்திருக்காது. கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உடம்பை இரண்டு மடங்காக ஊதிக் காட்டும். 'குர்ர்' என்று சீறும். கையை நீட்டினால் 'நறுக்'கென்று ஒரு கொத்து!

"கோழி அவயத்துக்கு வந்துருச்சு கண்ணு, கிட்டப் போகாதே!" என்பார் அப்பத்தா.

'அவயம்' என்றால் அடை. 'அவயம் வைப்பது' என்றால் முட்டைகளை அடை வைப்பது. இந்தச் சமயத்தில் கோழியின் உடம்பில் 'புரோலாக்டின்' என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது. அதனால் முட்டையிடுவது நின்றுபோகும். வயிற்றுப் பக்கத்தில் இறகு உதிர்ந்து, சூடான தோல் முட்டையின் மேல் நேரடியாகப் படும்படி ஆகிவிடும். தாயின் உடம்புச் சூடு வீணாகாமல் முட்டைக்குப் போக இப்படி ஓர் ஏற்பாடு!

கூடைக்குள்ளே கரித்துண்டு

அடை வைப்பதில் நம் ஊர்ப் பாட்டிகள் கைதேர்ந்தவர்கள். அகலமான கூடையில் மணலோ வைக்கோலோ பரப்புவார்கள். ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டைகளாகப் பொறுக்குவார்கள். ரொம்ப நாளான முட்டை பொரிப்பது குறைவு. கடும் வெயில் காலத்து முட்டையும் சீக்கிரம் கெட்டுப்போகும். நாட்டுக்கோழி சிறிய உடம்புக்காரி. அதன் வயிற்றுக்குள் அடங்கும் அளவுக்குப் பத்து, பன்னிரண்டு முட்டைதான் வைக்க வேண்டும். ஆசைப்பட்டு இருபது வைத்தால், ஓரத்து முட்டைகளுக்குச் சூடு போதாது. கோழி முட்டைகளை உருட்டி இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால் எல்லா முட்டையும் ஒரு தடவையாவது குளிரில் மாட்டும். கடைசியில் மொத்தமும் பாழ்!

கூடையில் ஒரு கரித்துண்டு, ஒரு இரும்புத்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய் போட்டு வைப்பதும் உண்டு. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும், இரும்பும் கரியும் அதைத் தடுக்கும் என்பது நம்பிக்கை. இதை நம்பிக்கை என்ற அளவில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கரிக்கு இன்னொரு நல்ல வேலை இருக்கிறது. அடை வைக்கும்போதே ஒவ்வொரு முட்டையிலும் கரியால் ஒரு கோடு போட வேண்டும். எதற்குத் தெரியுமா? வீட்டில் இருக்கும் மற்ற கோழிகளுக்கு அடை கோழியின் கூடை என்றால் கொள்ளை ஆசை. அது எழுந்து போகும் நேரம் பார்த்து, உள்ளே புகுந்து ஒரு முட்டையிட்டுப் போய்விடும்! அந்தப் புது முட்டை பொரிக்க அன்றிலிருந்து 21 நாள் ஆகும். மற்றவை பொரிந்ததும் தாய் குஞ்சுகளோடு கிளம்பிவிடும். புது முட்டைக்குள் பாதி வளர்ந்த குஞ்சு அநாதையாகச் செத்துப் போகும். தினமும் பார்த்து, கோடு இல்லாத முட்டையை எடுத்துவிட்டால் இந்தக் கஷ்டம் இல்லை. எடுக்கும் வேலை பெரியவர்களுக்கு. கோடு போடும் வேலை உங்களுக்கு!

ஒரு புதிர்

ஒரு கோழி முதல் முட்டையை 1-ம் தேதி இடுகிறது. கடைசி முட்டையை ஒரு வாரம் கழித்து இடுகிறது. ஆனால் குஞ்சுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நாளில் வெளியே வருகின்றன. எப்படி?

யோசித்தீர்களா? முட்டை வெளியே வந்ததும் உள்ளே இருக்கும் கரு வளராமல் அப்படியே காத்திருக்கும். தாய் வந்து உட்கார்ந்து, ஏறக்குறைய 37.5 டிகிரி செல்சியஸ் சூடு கிடைத்த பிறகுதான் வளரத் தொடங்கும். ஓட்டப்பந்தயத்தில் எல்லோரும் கோட்டில் நின்று விசிலுக்குக் காத்திருப்பது போல! தாய் உட்காருவதுதான் விசில்.

21 நாள் தவம்

விசில் ஊதியாயிற்று. உள்ளே என்ன நடக்கிறது?

இரண்டாம் நாள் முடிவதற்குள் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். அடுத்து கண் தெரியும். பிறகு கால், சிறகு, அலகு. ஏழாம் நாள் இருட்டு அறையில் முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால், சிலந்தி வலை போல ரத்தக் குழாய்கள் சிவப்பாகத் தெரியும். எதுவும் தெரியாமல் வெளிச்சமாக இருந்தால் அதில் கரு இல்லை என்று அர்த்தம். கெட்டுப்போன முட்டைக்குத்தான் 'கூமுட்டை' என்று பெயர். (வகுப்பில் யாரையும் அப்படித் திட்டக் கூடாது, சரியா?)

வெளியே தாய்க்கோழியோ தவம் இருக்கிறது. நாள் முழுக்க உட்கார்ந்த இடம்தான். ஒரு நாளைக்கு ஒரு தடவை, சுமார் கால் மணி முதல் அரை மணி நேரம் எழுந்து வரும். அவசர அவசரமாகத் தின்னும், தண்ணீர் குடிக்கும், எச்சமிடும், மண்ணில் புரண்டு குளிக்கும், ஓடிப்போய் மறுபடி உட்கார்ந்துவிடும். 21 நாளில் அதன் எடையே குறைந்துவிடும். அதனால்தான் கூடைக்குப் பக்கத்திலேயே கம்பும் தண்ணீரும் வைக்க வேண்டும். தீனிக்காகத் தூரம் போனால் முட்டை குளிர்ந்துவிடும்.

இன்னொரு விஷயம். அது ஒரு நாளில் பல தடவை அலகால் முட்டைகளைத் திருப்பி விடும். திருப்பாவிட்டால் கரு ஓட்டின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வளராமல் போகலாம். இதை யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் தடவை அடை உட்காரும் சின்னக் கோழிகூட ஒழுங்காகச் செய்கிறது!

தொடாதே... காத்திரு!

19, 20-ம் நாள். முட்டையைக் காதருகே வைத்தால் உள்ளிருந்து 'கீச்' என்று மெல்லிய சத்தம் கேட்கும். குஞ்சு முட்டைக்குள் இருக்கும் காற்றறைக்குள் அலகை நீட்டி மூச்சு விடத் தொடங்கிவிட்டது. தாயும் தாழ்ந்த குரலில் 'க்ளக்... க்ளக்...' என்று பதில் சொல்லும். பிறக்கும் முன்பே அம்மாவின் குரல் குஞ்சுக்குப் பழகிவிடுகிறது.

அலகின் நுனியில் இருக்கும் குட்டி 'முட்டைப் பல்'லால் குஞ்சு ஓட்டை உடைக்கும். முதல் ஓட்டை விழுந்த பிறகு முழுசாக வெளியே வர 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். இந்த நேரத்தில்தான் நம் கை துறுதுறுக்கும். "ஐயோ, பாவம், கஷ்டப்படுதே... ஓட்டைக் கொஞ்சம் உரித்து விடலாமா?" என்று தோன்றும்.

கூடவே கூடாது, குட்டீஸ்! ஓட்டின் உள்தோலில் இன்னும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். மஞ்சள் கருவின் மிச்சமும் குஞ்சின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கும். நாம் உரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு இறந்து போகலாம். நாம் செய்ய வேண்டிய ஒரே உதவி, எட்டி நின்று காத்திருப்பதுதான்.

வயிற்றுக்குள் போன அந்த மஞ்சள் கருதான் குஞ்சுக்குக் கட்டுச்சோறு. அது இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கும். அதனால்தான் முதலில் பிறந்தவை பசியில்லாமல் தாயின் இறக்கைக்குள் இருக்க, பின்னால் பிறப்பவை வரும்வரை தாயும் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறது.

பள்ளிக்கூடம் ஆரம்பம்

இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் தாய் எழுந்து நடக்கும். பின்னாலேயே பஞ்சுப் பந்துகள் உருண்டு வரும். பொடக்காளிதான் வகுப்பறை.

முதல் பாடம், சாப்பாடு. தாய் மண்ணைக் கிளறும். ஒரு கரையானோ நொய்யரிசியோ கிடைத்தால் தான் தின்னாமல் அலகால் எடுத்து எடுத்துக் கீழே போட்டு, 'டுக் டுக் டுக்' என்று வேகமாகக் கூப்பிடும். எல்லாம் ஓடி வரும். இதுதான் உணவு என்று கற்றுக்கொள்ளும். குஞ்சுகள் தப்பான தீனியைக் கொத்துவதாகத் தோன்றினால் தாய் இன்னும் மும்முரமாகக் கொத்திக் காட்டி, சரியான தீனிப் பக்கம் கூப்பிடுமாம்! இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு 1996-ல் இதைச் சொன்னது.

இரண்டாம் பாடம், ஆபத்து. வானத்தில் பருந்தின் நிழல் தெரிந்தால் ஒரு குரல். தரையில் பூனையோ கீரியோ வந்தால் வேறு ஒரு குரல். மேலே ஆபத்து என்றால் ஓடிப்போய்ப் பதுங்க வேண்டும், அசையக் கூடாது. இரண்டு நாள் குஞ்சுகூட அந்தக் குரலுக்குச் சட்டென்று அடங்கிவிடும்.

மூன்றாம் பாடம் என்று சொல்ல முடியாது, அது தாயின் மடி. பிறந்த குஞ்சுக்கு முதல் வாரம் சுமார் 35 டிகிரி சூடு வேண்டும். அதன் உடம்பால் அவ்வளவு சூட்டை உண்டாக்க முடியாது. மார்கழி ராத்திரியில் கோவையில் 20 டிகிரிக்கும் கீழே போய்விடும். அப்போது குஞ்சு என்ன செய்யும்? 'கீச் கீச்' என்று கத்தும். உடனே தாய் உட்கார்ந்து இறக்கையை விரிக்கும். அத்தனையும் உள்ளே போய்விடும். பத்துக் கால்கள் மட்டும் வெளியே தெரியும்!

இப்போது புரிகிறதா, உங்கள் கலர்க் குஞ்சு ராத்திரியெல்லாம் ஏன் கத்தியது என்று? அது பசியில் மட்டும் கத்தவில்லை. "அம்மா, குளிருது!" என்று கூப்பிட்டது. கேட்க அங்கே யாரும் இல்லை.

குஞ்சு கத்தும்போது தாய்க்கு உண்மையாகவே மனம் பதறுமா? பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதைச் சோதித்து 2011-ல் எழுதினார்கள். குஞ்சுகள் மேல் லேசாகக் காற்றை ஊதினார்கள். வலிக்காது, கொஞ்சம் தொந்தரவாக இருக்கும், அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கோழியின் இதயம் வேகமாகத் துடித்ததாம்!

கூட்டத்தில் ஓர் இடம்

கோழிக் கூட்டத்தில் 'யார் பெரியவர், யார் சிறியவர்' என்று ஒரு வரிசை உண்டு. முதல் கோழி யாரையும் கொத்தலாம். கடைசிக் கோழியை எல்லோரும் கொத்துவார்கள். இதை முதலில் கண்டுபிடித்து எழுதியவர் நார்வே நாட்டின் தோர்லீஃப் ஷெல்டெரூப் எபே. அவருடைய ஆய்வு 1920-களின் தொடக்கத்தில் வெளியானது. ஆனால் வேலையைத் தொடங்கியது சின்னப் பையனாக இருந்தபோது! வீட்டுக் கோழிகளில் எது எதைக் கொத்துகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தாராம்.

இரண்டு மாதக் குஞ்சை வெளியிலிருந்து வாங்கி வந்து பெரிய கோழிகளோடு திடீரென்று விட்டுப் பாருங்கள். எல்லாம் சேர்ந்து விரட்டும். தலையில் கொத்திக் காயப்படுத்திவிடும். ஆனால் அடை கோழி பொரித்த குஞ்சுகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. கூட்டத்தின் நடுவே, தாயின் காவலில் வளர்கின்றன. மற்ற கோழி ஒன்று முறைத்தால்கூடத் தாய் பாய்ந்து போய்த் துரத்தும். சாதாரண நாளில் வரிசையில் கடைசியில் நின்ற கோழிகூட, குஞ்சு வைத்திருக்கும்போது சேவலையே எதிர்த்து நிற்கும்!

ஆறு முதல் எட்டு வாரத்தில் தாய் மெல்லக் குஞ்சுகளைக் கொத்தி விலக்கத் தொடங்கும். "இனி நீ உன்னைப் பார்த்துக்கொள்" என்று அர்த்தம். அதற்குள் குஞ்சுகளுக்கு எங்கே தூங்குவது, யாரிடம் ஒதுங்குவது என்று எல்லாம் தெரிந்துவிடும்.

மெஷினும் அம்மாவும்

சிங்காநல்லூரிலிருந்து திருச்சி ரோட்டிலேயே போனால் பல்லடம். கறிக்கோழிப் பண்ணைகளுக்குப் பேர் போன ஊர். முட்டைக்கு நாமக்கல். அங்கெல்லாம் அடை கோழியே கிடையாது. பொரிப்பகத்து மெஷின்தான் சூடு கொடுக்கும், முட்டையைத் திருப்பும். ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் குஞ்சு வரும்.

மெஷின் புது யோசனை என்று நினைக்காதீர்கள். எகிப்து நாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செயற்கைச் சூட்டில் முட்டை பொரித்தார்கள். பிறகு பெரிய மண் அடுப்புகளே கட்டிவிட்டார்கள்.

பண்ணைக்கு ஏன் அடை கோழி வேண்டாம்? கணக்குப் போடுங்கள். அடை உட்காருவது 21 நாள். குஞ்சு வளர்ப்பது இரண்டு மாதம். அவ்வளவு நாளும் முட்டை கிடையாது. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடுவதே அதிகம். அடை உட்காரும் குணம் இல்லாத கோழிகளாகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கியதுதான் வெள்ளை லெகார்ன் போன்ற முட்டைக்கோழி இனம். அது ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். நாம் தினமும் முட்டை சாப்பிட முடிவது அதனால்தான்.

ஆனால் முட்டைக்கோழி இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சு முட்டையிடாது. சதையும் அதிகம் பிடிக்காது. அதனால் பண்ணைக்கு வேண்டாம். அப்படி வேண்டாம் என்று ஒதுக்கிய குஞ்சுகள்தான் சாயம் பூசிக்கொண்டு உங்கள் திருவிழாக் கடைக்கு வருகின்றன. மெஷின் சூடு கொடுத்துப் பொரித்தது. ஆனால் பிறந்த பிறகு இறக்கையை விரிக்க, தீனி காட்ட, பருந்து வருது என்று சொல்ல அதற்கு யாரும் இல்லை.

நீங்கள் செய்யலாம்

உங்கள் வீட்டிலோ அம்மிச்சி வீட்டிலோ அடை கோழி இருந்தால் இந்த வேலைகளை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்:

* குஞ்சுக்குத் தண்ணீர் வைக்கும் தட்டு ஆழம் இல்லாமல் இருக்கட்டும். அதில் நாலு கூழாங்கல் போடுங்கள். ஆழமான கிண்ணத்தில் குஞ்சு விழுந்து மூழ்கிவிடும்.

* கரையான் பிடியுங்கள். பழைய மண்பானையில் காய்ந்த சாணி, கிழிந்த கோணி, வைக்கோல் போட்டு லேசாகத் தண்ணீர் தெளித்து, மாலையில் கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானை நிறையக் கரையான்! குஞ்சுகளுக்கு இதுதான் பிரியாணி.

* முதல் இரண்டு மூன்று வாரம் பெரியவர்கள் பார்வையில் மட்டும் மேய விடுங்கள். மற்ற நேரம் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடுங்கள். பருந்து, காக்கை, பூனை மூன்றுக்கும் குஞ்சு என்றால் உயிர்.

* கோழிக் கழிச்சல் நோய் வந்தால் மொத்தக் கூட்டமும் போய்விடும். இந்தியாவில் 1928-ல் ராணிக்கேத் என்ற ஊரில் கண்டறிந்ததால் இதற்கு 'ராணிக்கெட் நோய்' என்றும் பெயர். குஞ்சுக்கு ஒரு வாரம் ஆனதும் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்கும்படி அப்பாவிடம் ஞாபகப்படுத்துங்கள்.

* கோழியையோ முட்டையையோ தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். செத்த கோழியைத் தொடவே கூடாது, பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

* ஒரு நோட்டு போடுங்கள். அடை வைத்த தேதி, தாய் எழுந்து வந்த நேரம், எத்தனை நிமிடம் வெளியே இருந்தது, எது எதைக் கொத்தியது... எல்லாவற்றையும் எழுதுங்கள். நார்வே சிறுவன் செய்ததும் இதுதானே!

எத்தனை நாள்?

காடை - 17 முதல் 18 நாள்
கோழி - 21 நாள்
வாத்து - 28 நாள்
வான்கோழி - 28 நாள்
நெருப்புக்கோழி - சுமார் 42 நாள்

வீட்டில் கோழி இல்லையா? கவலை வேண்டாம். சிங்காநல்லூர் குளக்கரை மாதிரி ஒரு குளக்கரைக்குப் பெரியவர்களோடு போங்கள். நாமக்கோழி, தாழைக்கோழி, முக்குளிப்பான் என்று குளத்திலும் அம்மாக்கள் உண்டு. முக்குளிப்பான் தன் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும். தூரத்தில் நின்று, சத்தம் போடாமல் பார்க்க வேண்டும்.

அடுத்த திருவிழாவில் கலர்க் குஞ்சுக் கூடையைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்? ஆசையாகத்தான் இருக்கும். ஆனாலும் வாங்காதீர்கள். வாங்க வாங்கத்தான் விற்பார்கள். அந்தக் காசைச் சேர்த்து வையுங்கள். லீவுக்கு ஊருக்குப் போகும்போது அப்பத்தாவிடம் கேளுங்கள்: "அப்பத்தா, கோழி அவயம் வெச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தால், கூடைக்கு நாலடி தள்ளி உட்காருங்கள். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். 21-ம் நாள் அந்த இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு குட்டித் தலை எட்டிப் பார்க்கும். அதற்குச் சாயமே வேண்டாம், குட்டீஸ். அவ்வளவு அழகு!